சிறார் இயக்கத் திறன் மதிப்பீடு

சிறார் இயக்கத் திறன் மதிப்பீடு என்பது ஒரு குழந்தையின் உடலசைவுத் திறன்கள் அதன் வயதுக்கு ஏற்ற அளவில் வளர்ந்துள்ளனவா என்பதை வினாக்கள், மருத்துவப் பரிசோதனை, தரப்படுத்தப்பட்ட செய்முறைச் சோதனைகள் ஆகியவற்றின் மூலம் கண்டறியும் முறை ஆகும். நடத்தல், ஓடுதல், குதித்தல், பந்து பிடித்தல் போன்றவை பேரியக்கத் திறன்கள் எனவும், எழுதுதல், பொத்தான் போடுதல், கத்தரிக்கோலால் வெட்டுதல் போன்றவை நுண்ணியக்கத் திறன்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடு இருக்கலாம் என ஐயுறப்படும் சிறார்களிடம் இம்மதிப்பீடு பெரும்பாலும் மேற்கொள்ளப்படுகிறது.

இக்குறைபாடு உள்ள குழந்தையின் கை கால்களில் பார்வைக்குப் புலப்படும் ஊனம் எதுவும் இராது. பேச்சும் அறிவுத்திறனும் இயல்பாக இருக்கலாம். எனினும் மற்றச் சிறார்கள் எளிதில் கற்கும் செயல்களை இக்குழந்தை மிகுந்த முயற்சியுடனும் தாமதமாகவும் கற்கிறது. எனவே வீட்டிலும் பள்ளியிலும் சோம்பேறி, கவனமற்றவன், கையெழுத்தில் அக்கறை இல்லாதவள் என்றெல்லாம் குறை கூறப்படுவது வழக்கம். குறையின் காரணம் முயற்சியின்மை அன்று என்பதை நிறுவுவதும், இதே தோற்றத்தில் மறைந்திருக்கக்கூடிய வேறு நோய்களைப் பிரித்தறிவதும் இம்மதிப்பீட்டின் முதன்மையான பயன்கள் ஆகும்.

வரையறை

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு இக்குறைபாட்டுக்கு நான்கு கட்டளை விதிகளைத் தருகிறது.

அ. ஒருங்கிணைந்த இயக்கத் திறன்களைக் கற்பதிலும் செய்வதிலும் குழந்தை தன் வயதுக்கும், அத்திறனைக் கற்கக் கிடைத்த வாய்ப்புக்கும் ஏற்ற அளவைவிடக் கணிசமாகப் பின்தங்கியிருத்தல்.

ஆ. இக்குறை அன்றாட வாழ்க்கைச் செயல்கள், படிப்பு, விளையாட்டு ஆகியவற்றைத் தொடர்ந்து பாதித்தல்.

இ. அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கப் பருவத்திலேயே தோன்றியிருத்தல்.

ஈ. அறிவுத்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, இயக்கத்தைப் பாதிக்கும் நரம்பு நோய் ஆகியவற்றால் இக்குறையை மேலும் பொருத்தமாக விளக்க இயலாதிருத்தல்.

நான்கும் ஒருங்கே நிறைவேறினால்தான் குறைபாடு உறுதி செய்யப்படும். செய்முறைச் சோதனை முதல் விதிக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவதற்குப் பெற்றோரும் ஆசிரியரும், மூன்றாவதற்கு வளர்ச்சி வரலாறும், நான்காவதற்கு மருத்துவப் பரிசோதனையும் தேவைப்படுகின்றன. ஆகவே ஒரே ஒரு சோதனையின் மதிப்பெண்ணைக் கொண்டு குறைபாடு உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு செய்ய இயலாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்பாட்டில் இது 6ஏ04 என்னும் குறியீட்டின் கீழ் இடம்பெறுகிறது. டிஸ்பிராக்சியா என்ற சொல்லும் பல நாடுகளில் இதே பொருளில் வழங்குகிறது.

டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி 5 முதல் 11 வயது வரையுள்ள சிறார்களில் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு உள்ளது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இடர் அதிகம். கட்டளை விதிகளை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து இவ்விழுக்காடு மாறுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் ஏழு வயதுச் சிறார்களிடம் நடத்தப்பட்டு 2009 ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நான்கு விதிகளையும் கண்டிப்பாகப் பின்பற்றியபோது 1.8 விழுக்காடு மட்டுமே கிடைத்தது.

வரலாறு

பிரான்சு நாட்டு மருத்துவர் எர்னெசுட்டு துயுப்ரே 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயக்கத் திறன் குன்றிய சிறார்களைப் பற்றி எழுதினார். உருசியாவில் ஒசெரெட்சுகி என்பவர் 1923 ஆம் ஆண்டு சிறார்களின் இயக்கத் திறனை வயதுவாரியாக அளக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அறிவுத்திறனை அளக்கப் பினே உருவாக்கிய சோதனையைப் போலவே, ஒவ்வொரு வயதுக்கும் உரிய செயல்களை இது வரிசைப்படுத்தியது. பிற்காலச் சோதனைகள் பலவற்றுக்கும் இதுவே முன்னோடி ஆகும்.

1962 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழ்களில் "தடுமாறும் சிறார்கள்" பற்றிய கட்டுரைகள் வெளிவந்த பின்னரே மருத்துவர்களின் கவனம் இதன்பால் பரவலாகத் திரும்பியது. 1970களில் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஐரசு, புலனுணர்வுகளை மூளை ஒருங்கிணைக்கும் முறையுடன் இச்சிக்கலைத் தொடர்புபடுத்தினார். 1987 ஆம் ஆண்டு வெளியான டி.எஸ்.எம் திருத்தப் பதிப்பில் வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடு என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. 1994 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள இலண்டன் நகரில் கூடிய ஆய்வாளர்கள் இப்பெயரையே பொதுவாகப் பயன்படுத்துவது என இணங்கினர். அதுவரை ஒரே சிக்கல் வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்பட்டதால் ஆய்வு முடிவுகளை ஒப்பிடுவது கடினமாக இருந்தது.

ஐயத்தைத் தோற்றுவிக்கும் அறிகுறிகள்

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்றிரண்டு எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படலாம். பல அறிகுறிகள் சேர்ந்து, நெடுங்காலம் நீடித்து, அன்றாட வாழ்வுக்கு இடையூறாக இருக்கும்போதே மதிப்பீடு தேவைப்படுகிறது.

* சட்டைப் பொத்தான் போடுதல், காலணிக் கயிறு கட்டுதல், தலை வாருதல் ஆகியவற்றுக்கு ஒத்த வயதினரைவிட மிகுந்த நேரம் எடுத்துக்கொள்ளுதல்.
* சோற்றைப் பிசைந்து சிந்தாமல் உண்ணவும், டம்ளரில் நீர் ஊற்றவும் நீண்ட காலம் தடுமாறுதல்.
* அடிக்கடி தடுக்கி விழுதல், கதவிலும் மேசையிலும் இடித்துக்கொள்ளுதல்.
* மிதிவண்டி ஓட்டக் கற்பதில் பெருந்தாமதம்.
* நொண்டி, பாண்டி, கயிறாட்டம், பந்து விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்த்தல் அல்லது அவற்றில் பிறரால் சேர்த்துக்கொள்ளப்படாதிருத்தல்.
* பென்சிலை அளவுக்கு மீறி அழுத்திப் பிடித்தல்; எழுத்துகளின் உருவமும் இடைவெளியும் சீரற்றிருத்தல்; கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்க இயலாமை.
* வாய்மொழியாகச் சரியான விடை கூறும் குழந்தை, அதே விடையை எழுத்தில் தர இயலாதிருத்தல்.

இறுதியாகக் கூறப்பட்டது ஆசிரியர்களுக்குப் பயன்படும் முக்கியமான குறிப்பு ஆகும். அறிவுக்கும் எழுத்துக்கும் இடையே இத்தகைய இடைவெளி தெரியும்போது, தண்டனையாகக் கூடுதல் பக்கங்கள் எழுதச் சொல்வதால் பயன் விளைவதில்லை.

மதிப்பீட்டின் படிகள்

வளர்ச்சி வரலாறு

முதற்படியாகப் பெற்றோரிடம் குழந்தையின் பிறப்பு எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது ஆகியவற்றின் காலம், குடும்பத்தில் நரம்பு அல்லது தசை நோய் உண்டா என்பன கேட்டறியப்படுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்குப் பயன்படுகிறது. கானா, இந்தியா, நோர்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகள் இதில் அடங்குவர். இந்தியாவிலிருந்து தில்லிக் குழந்தைகள் இடம்பெற்றனர். இதன்படி நலமான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும் காலம் 3.8 முதல் 9.2 மாதம் வரையும், தனித்து நடக்கும் காலம் 8.2 முதல் 17.6 மாதம் வரையும் பரந்துள்ளது. பதினைந்து மாதத்தில் நடக்காத குழந்தையும் இவ்வீச்சுக்குள்ளேயே அடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

வரலாறு கேட்கும்போது மிக முக்கியமான வினா ஒன்று உண்டு: குழந்தை ஒரு திறனைத் தாமதமாகக் கற்றதா, அல்லது கற்ற திறனை இழந்து வருகிறதா? ஒருங்கிணைவுக் குறைபாட்டில் திறன்கள் மெதுவாக வளரும். ஆனால் குறைந்துகொண்டே போவதில்லை. முன்பு படியேறிய குழந்தை இப்போது ஏற இயலாமல் திணறினால் அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு உடனடி மருத்துவப் பரிசோதனை தேவை.

வினாக்கொத்துகள்

பெற்றோர் நிரப்பும் வினாக்கொத்துகளுள் பரவலாக அறியப்பட்டது டி.சி.டி.கியூ ஆகும். கனடாவின் பிரெண்டா வில்சனும் பிறரும் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட இவ்வினாக்கொத்து 2007 ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. 5 முதல் 15 வயது வரையுள்ளோருக்கு உரியது. இதில் 15 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படுவதால், மொத்தம் 15 முதல் 75 வரை அமையும். இயங்கும்போது கட்டுப்பாடு, நுண்ணியக்கமும் கையெழுத்தும், பொது ஒருங்கிணைவு என மூன்று பிரிவுகளாக வினாக்கள் வகுக்கப்பட்டுள்ளன. மதிப்பெண் குறையக் குறைய ஐயம் கூடும்.

ஐயத்துக்குரிய எல்லை வயதுக்கேற்ப மாறுகிறது. 5 முதல் 8 வயதுக்குட்பட்டோருக்கு 46 அல்லது அதற்குக் கீழ், 8 முதல் 10 வயதுக்குட்பட்டோருக்கு 55 அல்லது அதற்குக் கீழ், 10 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 57 அல்லது அதற்குக் கீழ் என்பன அவ்வெல்லைகள். எடுத்துக்காட்டாக, 52 மதிப்பெண் பெற்ற ஏழு வயதுக் குழந்தை ஐயத்துக்குரியதன்று. அதே மதிப்பெண் பெற்ற ஒன்பது வயதுக் குழந்தை மேலும் மதிப்பிடப்பட வேண்டியதாகும்.

மருத்துவப் பரிசோதனை

இப்படியைக் குழந்தைநல மருத்துவர் மேற்கொள்கிறார். பார்வை, செவித்திறன், தசை வலிமை, தசை இறுக்கம், அனிச்சைச் செயல்கள், நடை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றனவா என்பதை 9 புள்ளிகள் கொண்ட பெய்ட்டன் அளவுகோல் காட்டுகிறது.

பிரித்தறிய வேண்டிய நோய்களுள் பெருமூளை வாதத்தின் மென்மையான வடிவம், சிறுமூளைப் பாதிப்புகள், தசைச் சிதைவு நோய் ஆகியவை முதன்மையானவை. ஆண் குழந்தைகளைத் தாக்கும் டூசென் தசைச் சிதைவு நோய் தொடக்கத்தில் வெறும் தடுமாற்றமாகவே தோன்றக்கூடும். தரையில் அமர்ந்த குழந்தை எழும்போது தன் கைகளைத் தொடைகளில் ஊன்றி, தன் உடலின் மீதே ஏறுவது போல எழுந்தால் அது கோவர்சு அறிகுறி எனப்படும். தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில் பெற்றோரே இதை எளிதில் கவனிக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டின் கைனேசு என்னும் நொதியின் அளவைச் சோதிப்பது இந்நோயை நோக்கிய முதற்சோதனை ஆகும்.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு, மதியிறுக்கம் ஆகியவை ஒருங்கிணைவுக் குறைபாட்டுடன் சேர்ந்தே காணப்படுவது உண்டு. எனவே ஒன்று கண்டறியப்பட்டதால் மற்றொன்று இல்லை என்று கருதக்கூடாது.

தரப்படுத்தப்பட்ட செய்முறைச் சோதனைகள்

இச்சோதனைகளைப் பயிற்சி பெற்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் அல்லது இயன்முறை மருத்துவர் நடத்துகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றே அழைக்கப்படுகிறார்.

எம்.ஏ.பி.சி: எண்டர்சன், சக்டன் ஆகியோர் 1992 ஆம் ஆண்டு வெளியிட்டது. 2007 இல் இரண்டாம் பதிப்பும் 2023 இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. இரண்டாம் பதிப்பு 3 முதல் 16 வயது வரையுள்ளோருக்கு உரியது; 3–6, 7–10, 11–16 என மூன்று வயதுப் பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொரு பிரிவிலும் எட்டுச் செயல்கள் உள்ளன: கைத்திறன் மூன்று, எறிதலும் பிடித்தலும் இரண்டு, சமநிலை மூன்று. எடுத்துக்காட்டாக, இளைய பிரிவினர் உண்டியல் போன்ற பெட்டியில் நாணயங்களை இடுவர், மணி கோப்பர், இரு கோடுகளுக்கு நடுவே வரைவர், சிறு துணிப்பையைப் பிடிப்பர், எறிவர், ஒற்றைக்காலில் நிற்பர், குதிகாலை உயர்த்தி நடப்பர், பாய்கள் மீது குதிப்பர். சோதனை முடிய 20 முதல் 40 நிமிடங்கள் ஆகும்.

புரூனிங்சு-ஒசெரெட்சுகி சோதனை: 1978 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. 2005 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு 4 முதல் 21 வயது வரையுள்ளோருக்கு உரியது. 8 பிரிவுகளில் 53 செயல்களைக் கொண்டது. முழுச் சோதனைக்கு நேரம் மிகுதியாகத் தேவைப்படுவதால் 14 செயல்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு.

டி.ஜி.எம்.டி: டேல் உல்ரிச் 1985 இல் வெளியிட்டது. 3 முதல் 10 வயது வரையுள்ளோரின் ஓட்டம், தாவல், எறிதல், உதைத்தல் போன்ற பேரியக்கத் திறன்களை மட்டும் அளக்கிறது. எவ்வளவு தூரம் எறிந்தது என்பதைவிட எவ்வாறு எறிந்தது என்பதையே நோக்குவது இதன் சிறப்பு.

கையெழுத்து

கையெழுத்தின் வேகத்தையும் தெளிவையும் அளக்கும் புகழ்பெற்ற சோதனைகள் இலத்தீன் எழுத்துகளுக்காக உருவாக்கப்பட்டவை. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி; ஞ, ண, ழ போன்றவற்றில் கோலின் திசை பலமுறை மாறுகிறது. கொம்பு, துணைக்கால் போன்ற குறிகள் எழுத்துக்கு முன்னும் பின்னும் அமைகின்றன. எனவே ஆங்கிலச் சோதனையின் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்நிலையில், அதே வகுப்பிலுள்ள மற்ற மாணவர்களின் ஏடுகளோடு ஒப்பிடுதல், ஒரே பத்தியைக் குறிப்பிட்ட நேரத்தில் பார்த்து எழுதச் செய்து எழுத்துகளை எண்ணுதல், எழுதும்போது உடல் நிலையையும் பென்சில் பிடிப்பையும் கவனித்தல் ஆகியவை நடைமுறைக்கு ஏற்ற வழிகள் ஆகும்.

மதிப்பெண்களைப் புரிந்துகொள்ளுதல்

நூற்றுமானம்

செய்முறைச் சோதனையில் கிடைக்கும் விநாடிகளும் எண்ணிக்கைகளும் முதலில் வயதுக்குரிய தர மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றன. எம்.ஏ.பி.சி சோதனையில் தர மதிப்பெண்ணின் சராசரி 10, திட்ட விலக்கம் 3 ஆகும். இயல்நிலைப் பரவலின்படி தர மதிப்பெண் 7 என்பது ஏறத்தாழ 16 ஆம் நூற்றுமானத்தையும், 5 என்பது 5 ஆம் நூற்றுமானத்தையும் குறிக்கும். 5 ஆம் நூற்றுமானம் என்றால், அதே வயதுடைய 100 சிறார்களுள் ஏறத்தாழ 95 பேர் இக்குழந்தையைவிட மேலான திறன் காட்டுவர் என்பது பொருள். நூற்றுக்கு 5 மதிப்பெண் பெற்றதாக இதனைப் பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு.

இரண்டாம் பதிப்பில் இம்முடிவுகள் போக்குவரத்து விளக்கின் நிறங்களால் குறிக்கப்படுகின்றன. 5 ஆம் நூற்றுமானம் வரை சிவப்பு, அதற்கு மேல் 15 வரை மஞ்சள், 15 க்கு மேல் பச்சை.

அளவீட்டுப் பிழை

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. ஒரு சோதனையின் நம்பகத்தன்மைக் கெழு 0.80 எனக் கொள்வோம். திட்ட விலக்கம் 3 எனில், அளவீட்டின் திட்டப் பிழை 3 × √(1 − 0.80), அதாவது ஏறத்தாழ 1.3 ஆகும். எனவே இன்று 6 பெற்ற குழந்தை, மறுமுறை 5 அல்லது 7 பெறுவது வியப்புக்குரியதன்று. காய்ச்சலில் இருந்து தேறிய நாள், அறிமுகமற்ற அறை, அச்சம் ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். எல்லைக்கு அருகிலுள்ள மதிப்பெண்களை வைத்து உறுதியான முடிவு கூறக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் வினாக்கொத்து தருவதில்லை?

ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். 1000 சிறார்களுள் 5 விழுக்காட்டினருக்கு, அதாவது 50 பேருக்குக் குறைபாடு உள்ளது எனக் கொள்வோம். குறைபாடு உள்ளோரில் 80 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டறிந்து, இல்லாதோரில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் வினாக்கொத்து ஒன்று அனைவருக்கும் தரப்படுகிறது. குறைபாடு உள்ள 50 பேரில் 40 பேர் கண்டறியப்படுவர். குறைபாடு இல்லாத 950 பேரில் 190 பேர் தவறாகச் சுட்டப்படுவர். ஆக, சுட்டப்பட்ட 230 பேரில் 40 பேருக்கே, அதாவது ஆறில் ஒருவருக்கே, உண்மையில் குறைபாடு இருக்கும். எஞ்சிய 190 குடும்பங்கள் வீணாகக் கவலையுறும். சிகிச்சையாளர்களின் நேரமும் செலவாகும். 2019 ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவப் பரிந்துரைகள் பொது மக்களிடையே வினாக்கொத்துகளைக் கொண்டு சலித்தெடுப்பதை ஆதரிக்கவில்லை. ஏற்கனவே ஐயம் எழுந்த சிறார்களிடம் பயன்படுத்தும்போது இவை பயன் தருகின்றன.

வயது வரம்பு

ஐந்து வயதுக்கு முன் இக்குறைபாட்டை உறுதி செய்வது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. அவ்வயதில் வளர்ச்சியின் வேகம் குழந்தைக்குக் குழந்தை பெரிதும் மாறுபடுவதும், பின்தங்கிய சிலர் தாமாகவே எட்டிப்பிடிப்பதும் இதற்குக் காரணங்கள். 3 முதல் 5 வயதுக்குள் முடிவு தேவைப்பட்டால், குறைந்தது மூன்று மாத இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும் என்பதும், 5 ஆம் நூற்றுமானத்தையே எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பதும் பரிந்துரைகள் ஆகும். எனினும், முடிவு கூறத் தாமதிப்பது வேறு. உதவியைத் தாமதிப்பது வேறு. பெயர் சூட்டப்படாமலேயே பயிற்சியைத் தொடங்கலாம்.

இந்தியாவில் பயன்படும் கருவிகள்

இந்தியாவில் உருவான கருவிகள் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தை நோக்கியவை. பிரமிளா பாட்டக் தலைமையில் பரோடாவில் நடந்த ஆய்வுகளின் வழியே உருவான டாசி அளவுகோல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. இதன் இயக்கப் பிரிவில் 67 செயல்கள் உள்ளன. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம். கே. சி. நாயரும் பிறரும் உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சிச் சலிப்பு அட்டவணை, பரோடா அளவுகளிலிருந்து தேர்ந்த 17 செயல்களை மட்டும் கொண்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளைச் சில நிமிடங்களில் சோதிக்க இது உதவுகிறது. பின்னர் ஆறு வயது வரையுள்ளோருக்கும் இவ்வட்டவணை விரிவாக்கப்பட்டது.

பள்ளி வயதினருக்கு எம்.ஏ.பி.சி போன்ற அயல்நாட்டுச் சோதனைகளே பயன்படுகின்றன. இவற்றின் அளவுகள் ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா போன்ற நாடுகளின் சிறார்களிடமிருந்து பெறப்பட்டவை. பழக்கமில்லாத செயலில் ஒரு குழந்தை பின்தங்கினால், அது திறனின்மையா, வாய்ப்பின்மையா என்ற ஐயம் எழுகிறது. ஐந்தாங்கல் ஆடிப் பழகிய குழந்தையும் கத்தரிக்கோலை ஒருமுறையும் தொட்டிராத குழந்தையும் ஒரே வகுப்பில் இருக்கலாம். கட்டளை விதியில் "கற்கக் கிடைத்த வாய்ப்பு" என்ற தொடர் இடம்பெற்றிருப்பதன் பொருள் இங்கு விளங்கும். வினாக்களை மொழிபெயர்ப்பதால் மட்டும் ஒரு சோதனை தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. எல்லை மதிப்பெண்களும் தமிழ்ச் சிறார்களிடம் புதிதாக நிறுவப்பட வேண்டும்.

2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 வகை நலக்குறைகளைச் சலித்தறிய வகுக்கப்பட்டது. ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்கிரம் என்பது இதன் இந்திப் பெயர். நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ஐயத்துக்குரியோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். இயக்க வளர்ச்சித் தாமதமும் கற்றல் குறைபாடும் பட்டியலில் உள்ளன. ஒருங்கிணைவுக் குறைபாடு தனியே குறிப்பிடப்படவில்லை.

புதுச்சேரிப் பகுதியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நிலவமைப்பு இத்தகைய சேவைகளைப் பெறுவதில் தனித்தன்மையான நிலைமையை உண்டாக்குகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வகுக்கப்பட்ட எல்லைகளின் காரணமாகப் புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்கள் இடையிடையே வருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கனகசெட்டிக்குளம், காலாப்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மீனவர் ஊர் ஆகும். இங்கிருந்து புதுச்சேரி நகருக்குச் செல்வோர் இடையில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்களைக் கடந்தே செல்ல வேண்டும். அருகருகே வாழும் இரு குழந்தைகளில் ஒன்று புதுச்சேரி அரசின் பள்ளி நலத் திட்டத்திலும், மற்றொன்று தமிழ்நாட்டு அரசின் திட்டத்திலும் அடங்கும்.

குழந்தைநல மருத்துவப் பிரிவுகளைக் கொண்ட மருத்துவமனைகள் இப்பகுதியில் உள்ளன. கோரிமேட்டிலுள்ள சிப்மர், 1823 இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சி ஆகும். எல்லைப்பிள்ளைச்சாவடியில் இராசீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. காலாப்பட்டையொட்டிப் புதுச்சேரி மருத்துவ அறிவியல் கழகம் அமைந்துள்ளது. இதே கடற்கரைச் சாலையில் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 2005 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது.

தொடர் பயிற்சிக்காக வாரந்தோறும் நகருக்குச் செல்வது நாட்கூலிக் குடும்பங்களுக்குக் கடினம். ஊர்ப்புறங்களில் இதற்கு மாற்றாக, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு தேடிச் செல்லும் முறை பின்பற்றப்படுகிறது. 1981 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கம், தென்காசி வட்டாரத்தில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இம்முறையில் தொடக்கநிலைப் பயிற்சி அளித்து வருகிறது.

சட்டநிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் அட்டவணை குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் டிஸ்பிராக்சியாவையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆனால் அதே அட்டவணை, கற்றல் குறைபாட்டைப் பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாள்வதில் உள்ள குறையாக வரையறுக்கிறது. இயக்க ஒருங்கிணைவில் உள்ள குறை இவ்வரையறைக்குள் எளிதில் பொருந்துவதில்லை.

2018 ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகள், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்குப் பெங்களூர் நிம்கான்சு நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைக் குறிப்பிட்டன. எட்டு வயது நிறைந்த பின்னரே சான்றிதழ் வழங்கப்படும் என்றும், 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடு தேவை என்றும் அவை கூறின. இத்தொகுப்பு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையே முதன்மையாக நோக்குகிறது. இதனால், நன்றாக வாசிக்கவும் கணக்கிடவும் தெரிந்து, எழுதுவதற்கு மட்டும் கை ஒத்துழைக்காத மாணவர் சட்டத்தில் பெயர் இருந்தும் சான்றிதழ் பெற இடர்ப்படக்கூடும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி போன்ற சலுகைகள் சான்றிதழைச் சார்ந்தே அமைவதால் இது நடைமுறையில் முக்கியமான சிக்கல் ஆகும். செய்முறைச் சோதனையின் முழு அறிக்கை, கையெழுத்து மாதிரிகள், ஆசிரியரின் குறிப்பு ஆகியவற்றைப் பெற்றோர் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைப்பது பயனளிக்கும்.

மதிப்பீட்டுக்குப் பின்

மதிப்பீட்டின் முடிவு வெறும் பெயராக அன்றி, எந்தச் செயலில் எத்தகைய உதவி தேவை என்பதைக் கூறுவதாக இருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டின் பரிந்துரைகள், குழந்தைக்குத் தேவையான செயலையே நேரடியாகப் பயிற்றும் முறைகளை வலியுறுத்துகின்றன. மிதிவண்டி ஓட்ட இயலாத குழந்தைக்கு மிதிவண்டிப் பயிற்சியும், பொத்தான் போட இயலாத குழந்தைக்குப் பொத்தான் பயிற்சியும் சிறு படிகளாகப் பிரித்துத் தரப்படுகின்றன. கோ-ஆப் எனப்படும் கனடிய முறையில் குழந்தையே இலக்கைத் தேர்ந்தெடுத்து, திட்டமிட்டு, செய்து, சரிபார்க்கக் கற்கிறது.

பள்ளியில் செய்யத்தக்க மாற்றங்கள் செலவற்றவை: கரும்பலகைக் குறிப்புகளின் படியைத் தருதல், வாய்மொழித் தேர்வை அனுமதித்தல், பாதம் தரையில் படியும் உயரத்தில் இருக்கை தருதல், விளையாட்டில் அணி பிரிக்கும்போது இறுதியாக எஞ்சும் நிலை ஏற்படாமல் பார்த்துக்கொள்ளுதல்.

இக்குறைபாடு வளர்ந்ததும் தானே நீங்கிவிடும் என்ற கருத்து சரியானதன்று. டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஒருங்கிணைவுச் சிக்கல்கள் வளரிளம் பருவத்திலும் நீடிக்கின்றன. உதவி பெறாத சிறார்கள் விளையாட்டிலிருந்து விலகுவதால் உடற்பயிற்சி குறைகிறது. தன்மதிப்புக் குறைவும் பதற்றமும் பின்னர்த் தோன்றக்கூடும். பயிற்சி தொடங்கிய பின்னரும் குறிப்பிட்ட இடைவெளியில் மதிப்பீட்டை மீண்டும் செய்து, குழந்தை தேர்ந்தெடுத்த இலக்கில் முன்னேற்றம் உள்ளதா என்று பார்ப்பது இம்முறையின் பகுதியாகவே கருதப்படுகிறது.